மீசை தூக்கியா, தூதுக்கோலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றில் வட ஜப்பானின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் செதுக்குவேலை செய்த தட்டையான குச்சியைப் பார்த்தேன். சீட்டில் 'மீசை தூக்கி' என்று இருந்தது. கூட வந்த வழிகாட்டி 'வழிபாட்டுக் கோல்' என்றார். எது சரி?

கவிதா

அன்புள்ள கவிதா,

சீட்டு எழுதியவர் வழிபாட்டுச் சடங்கின் கடைசி அரை நிமிடத்தை மட்டும் பார்த்திருக்கிறார். ஜப்பானியர்களும் இதை 'ஹிகெபெரா', அதாவது மீசைக் கரண்டி என்றே அழைத்தார்கள். ஐனு பெயர் இக்குபசுய்: 'இக்கு' மது அருந்துதல், 'பசுய்' குச்சி. நீளம் சுமார் 30 முதல் 35 செ.மீ., அகலம் சுமார் 2 முதல் 4 செ.மீ.

அரக்குப் பூசிய 'துக்கி' என்ற கிண்ணம், அடியில் ஒரு தாங்கி; கிண்ண விளிம்பின் மேல் குறுக்காக இந்தக் கோல். கிண்ணத்தில் 'தொனொத்தோ', நம் குதிரைவாலிக்கு நெருங்கிய உறவான தானியத்தைப் புளிக்கவைத்துச் செய்த மது. சடங்கு செய்யும் ஆண், கோலின் நுனியை மதுவில் தோய்த்து, வேண்டுதலைச் சொல்லிக்கொண்டே சொட்டுகளை முதலில் அடுப்புத் தீயில் விடுவார். தீயின் பாட்டி அபெ ஹுச்சிதான் மற்ற தெய்வங்களுக்குச் சேதியைக் கொண்டுசேர்ப்பவள். அதன் பிறகுதான் 'இனாவ்' எனப்படும், மரச்சீவல் தொங்கும் வழிபாட்டுக் குச்சிகளுக்கு. இங்கே விடும் ஒரு சொட்டு அங்கே ஒரு பீப்பாயாகும் என்பது நம்பிக்கை. சொல்லில் தடுமாறினாலும் கோல் அதைச் சரிசெய்து சொல்லிவிடுமாம். மிச்சத்தைக் குடிக்கும்போதுதான் மீசை நனையாமல் கோலால் தூக்கிப் பிடிப்பது. அதற்காகவே இது செய்யப்பட்டது என்பது, நம் பஞ்சபாத்திர உத்தரணியைத் தண்ணீர் குடிக்கும் கரண்டி என்பதைப் போல.

நீங்கள் பார்க்காமல் விட்டது அடிப்பக்கம். நுனியில் சிறு முக்கோண வெட்டு இருக்கும், 'பருன்பெ', நாக்கு. பேசுவது அதுதான். சில கோல்களில் தந்தைவழிக் குடிக்குறியான 'இதொக்பா'வும் அங்கேயே இருக்கும். யார் அனுப்பும் சேதி என்று தெய்வத்துக்குத் தெரியவேண்டாமா? மேல்பக்கத்து அலைகளும் சுருள்களும் கண்ணைப் பறிப்பதால் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் அதையே காட்டுகிறார்கள்.

அரக்கும் சாயமும் இல்லாத வெள்ளைக் கோலில் சுருள் சீவல்கள் ஒட்டி நின்றால் அது வேறு வகை: 'கிகெ உஷ் பசுய்', பெரிய சடங்குகளுக்கானது. சீவல் அறுந்துவிடாமல் இழைப்பதில்தான் வேலை. கத்தி ஆழமாக இறங்கினால் சீவல் தடித்துச் சுருளாது. மரம் அளவுமீறிக் காய்ந்திருந்தால் பாதியிலேயே ஒடியும்.

உங்களிடம் படம் இருந்து, அதில் மேல்பக்கம் மட்டும்தான் என்றால், அருங்காட்சியகத்துக்கு எழுதி அடிப்பக்கப் படத்தையும் கேளுங்கள்.