ஏபிஏ முதுகலைக்கான கேப்ஸ்டோன் ஆய்வை எப்படித் திட்டமிடுவது? சென்னையில் டேட்டா எடுக்கலாமா?

நீங்கள் கொடுத்த விவரம் இவ்வளவு: அமெரிக்காவில் ஏபிஏ (அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ், நடத்தையை அளந்து மாற்றும் துறை) முதுகலை இரண்டாம் ஆண்டு, ஆட்டிசம் குழந்தைகளுக்கான கிளினிக்கில் பகுதி நேர ஆர்பிடி (குழந்தைகளோடு நேரடியாக வேலை செய்யும் டெக்னீஷியன்) வேலை, மே மாதம் பட்டம், படிப்பின் இறுதி ஆய்வான கேப்ஸ்டோனுக்குத் தலைப்பு முடிவாகவில்லை. டிசம்பரில் சென்னை வரும்போது ஒரு சிறப்புப் பள்ளியில் டேட்டா எடுக்கும் யோசனையும் இருக்கிறது. நானும் இதே படிப்பை முடித்து இப்போது பிசிபிஏ, அதாவது சான்றிதழ் பெற்ற நடத்தை ஆய்வாளர். கேப்ஸ்டோன் செய்யும் மாணவர்களுக்குக் கிளினிக் பக்கத்திலிருந்து உதவிக்கொண்டிருக்கிறேன்.

தலைப்பை அப்புறம் பார்க்கலாம். முதலில் காலண்டரைத் திறந்து, டேட்டா எடுக்க எத்தனை வாரம் கையில் இருக்கிறது, எந்த இடத்தில், யாரிடம் என்று எழுதுங்கள். நிறைய பேர் ‘ஆட்டிசம் குழந்தைகளின் சமூகத் திறன்’ மாதிரி ஒரு பெரிய தலைப்பைப் பிடித்துக்கொண்டு கட்டுரை கட்டுரையாக இறக்கி வைத்துவிட்டு, பிப்ரவரியில்தான் பங்கேற்பாளரைத் தேடுகிறார்கள். நம் துறையில் ஒருவரையே பல வாரம் தொடர்ந்து அளந்தால்தான் ஆய்வு. கேள்வித்தாளை நூறு பேருக்கு அனுப்பி ஒரே வாரத்தில் முடிக்கிற வேலை இல்லை. அதனால் நேரமும் ஆளும் எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவுதான் உங்கள் கேள்வி.

உங்கள் நிலையில் நான் இருந்தால் குழந்தைகளை விட்டுவிட்டு, கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த ஆர்பிடிக்களைப் பங்கேற்பாளராக எடுப்பேன். கேள்வியும் சின்னது: பிரிஃபரன்ஸ் அசெஸ்மென்ட்டை (குழந்தைக்கு எந்தப் பொருள் அதிகம் பிடிக்கும் என்று கண்டறிவதை) சரியாகச் செய்ய பிஎஸ்டி (பிஹேவியரல் ஸ்கில்ஸ் டிரெய்னிங்) முறையில் பயிற்சி கொடுத்தால் அவர்கள் செய்யும் படிகளின் துல்லியம் கூடுகிறதா? ஆய்வாளர்கள் டிலியானும் இவாடாவும் 1996இல் வெளியிட்ட முறையையே எடுத்துக்கொள்ளலாம். ஏழு பொருளை வரிசையாக வைத்துக் குழந்தையிடம் ஒன்றை எடுக்கச் சொல்கிறோம். எடுத்ததைத் திரும்ப வைக்காமல் மிச்சத்தை இடம் மாற்றி வைத்து மறுபடி கேட்கிறோம். இதைப் படிப்படியாகப் பிரித்து ஒரு சரிபார்ப்புப் பட்டியல் போட்டுவிட்டால், சரியாகச் செய்த படிகள் எத்தனை சதவீதம் என்பதே உங்கள் அளவு. பிஎஸ்டியில் இருப்பதும் நான்கே விஷயம்: சொல்லிக்கொடுப்பது, செய்து காட்டுவது, அவரையே செய்யவைப்பது, செய்ததைப் பார்த்துத் திருத்துவது.

‘இது ஏற்கெனவே பலர் செய்ததுதானே’ என்று தோன்றும். ஆமாம், செய்ததுதான். முனைவர் பட்டத்துக்கு அது குறை, கேப்ஸ்டோனுக்குக் குறையே இல்லை. நாலு பேர் சரியாகச் செய்து காட்டிய ஒன்றை உங்கள் கிளினிக்கில், ஒரு சின்ன மாற்றத்தோடு செய்து பாருங்கள். நேரில் கொடுக்கும் பயிற்சியை ஜூம் வழியாகக் கொடுப்பது அப்படி ஒரு மாற்றம். ஆனால் ஒரு மாற்றம் போதும், இரண்டு வேண்டாம்.

ஆய்வு வடிவத்தை நீங்கள் தேர்ந்தெடுப்பதாக நினைக்க வேண்டாம், அளக்கும் நடத்தையே அதை முடிவு செய்துவிடும். பயிற்சியில் கற்றதை நினைத்தபோது திரும்ப எடுத்துவிட முடியாது என்பதால், பயிற்சியைக் கொடுத்து, நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்க்கும் ஏபிஏபி என்ற ரிவர்சல் வடிவம் இங்கே ஓடாது. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைக்குப் பலன் தருகிற சிகிச்சையை ‘நிரூபிக்க’ நிறுத்திப் பார்ப்பதும் சரியில்லை. இரண்டு முறைகளை ஒப்பிட வேண்டுமானால், இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் ஆல்டர்நேட்டிங் ட்ரீட்மென்ட்ஸ். உடற்பயிற்சி நேரம் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டியதற்கு சேஞ்சிங் கிரைட்டீரியன். பணியாளர் பயிற்சிக்கு மல்டிபிள் பேஸ்லைன்தான். மூன்று ஆர்பிடிக்களை எடுத்து, மூவருக்கும் சேர்ந்து பேஸ்லைன் (பயிற்சிக்கு முந்தைய அளவு) தொடங்கி, பயிற்சியை மட்டும் ஒருவர் பின் ஒருவராகத் தள்ளித் தள்ளிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் பயிற்சி வந்த பிறகே கோடு ஏறினால், ஏறியதற்குக் காரணம் பயிற்சி என்று வாதாட முடியும். மூன்று பேரை வைத்து என்ன நிரூபிப்பீர்கள் என்று உளவியல் துறைப் பேராசிரியர் யாராவது கண்டிப்பாகக் கேட்பார். ஒவ்வொருவருக்கும் அவருடைய பேஸ்லைனே ஒப்பீடு, அதே விளைவு மூன்று தடவை திரும்ப வந்திருக்கிறது என்பதே பதில்.

இப்போது கணக்கு. அமெரிக்கக் கல்வித் துறையின் கீழ் ஆய்வுகளின் தரத்தை மதிப்பிடும் வாட் வொர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ் 2010இல் வெளியிட்ட தரநிலைப்படி, பேஸ்லைன், பயிற்சிக்குப் பின் என்ற ஒவ்வொரு கட்டத்துக்கும் ஐந்து புள்ளியாவது (செஷனுக்கு ஒரு அளவு) இருந்தால்தான் தடையில்லாமல் தேறும். முதல் ஆளுக்கு ஐந்து, இரண்டாமவருக்கு எட்டு, மூன்றாமவருக்குப் பதினொன்று என்று பேஸ்லைன் வைத்துக்கொள்வோம். மூன்றாமவருக்குப் பயிற்சிக்குப் பின் ஐந்து சேர்த்தால் பதினாறு செஷன். வாரம் இரண்டு செஷன் என்றால் 8 வாரம். கற்றது நிலைக்கிறதா என்று பார்க்க இன்னும் 2 வாரம். யாருக்காவது காய்ச்சல், பனிப்பொழிவு, ஸ்பிரிங் பிரேக் என்று 2 வாரம் கண்டிப்பாகப் போகும். ஆக 12. செமஸ்டரே சுமார் 15 வாரம்தான், மிச்சம் மூன்றில் கிராஃப், எழுத்து, டிஃபென்ஸ் (குழு முன் ஆய்வை விளக்குவது) எல்லாம் அடங்க வேண்டும். ஜனவரி இரண்டாம் வாரத்துக்குள் முதல் பேஸ்லைன் புள்ளி விழ வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவான ஐஆர்பிக்கு விண்ணப்பம் அக்டோபரில் உள்ளே போயிருக்க வேண்டும். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள், அதற்கும் நாள் வேண்டும்.

பெரியவர்களைப் பங்கேற்பாளராக எடுக்கச் சொன்னதற்கு ஐஆர்பியும் ஒரு காரணம். அமெரிக்கக் கூட்டாட்சி விதி 45 சிஎஃப்ஆர் 46இல் குழந்தைகளுக்குத் தனிப் பாதுகாப்புப் பிரிவே இருக்கிறது. பெற்றோர் ஒப்புதல், குழந்தையின் சம்மதம் என்று வேலை கூடும். ஆர்பிடி ஆய்வில் பேஸ்லைனையும் பயிற்சியையும் ஒரு பெரியவர் குழந்தையாக நடித்தே முடித்துவிடலாம். உண்மையான குழந்தையோடு ஓரிரு செஷன் பார்க்க ஆசைப்பட்டால் அதையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். நடுவில் சேர்க்க நினைத்தால் மறுபடி அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, ஐஆர்பி நிச்சயம் பிடிக்கும். உங்கள் கிளினிக் மேலாளரே போய் ‘ஆய்வில் சேர்கிறாயா’ என்று கேட்டால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் எப்படி மறுப்பாள்? அழைப்பை மேலதிகாரி அல்லாத ஒருவர் கொடுக்கட்டும். யாருடைய மதிப்பெண்ணும் நிர்வாகத்துக்குப் போகாது என்று ஒப்புதல் படிவத்தில் எழுதி, எழுதியபடி நடந்துகொள்ளுங்கள். மூன்று பேர் தேவை என்றால் ஐந்து பேரைச் சேருங்கள். இந்த வேலையில் ஆட்கள் பாதியில் விட்டுப் போவது சகஜம், அதோடு பேஸ்லைனிலேயே தொண்ணூறு சதவீதம் வாங்கும் கெட்டிக்காரர் ஒருவரும் இருப்பார்.

இரண்டாவது பார்வையாளரை இப்போதே பேசி வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது 20 சதவீதச் செஷன்களை இன்னொருவர் தனியாக மதிப்பிட்டு, இருவருக்கும் 80 சதவீதமாவது ஒத்துப்போக வேண்டும். கூடப் படிக்கும் தோழிக்கு இதைச் செய்துகொடுத்து அவரிடமிருந்து வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். செஷனை வீடியோ எடுக்க அனுமதி வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி பாதி போய்விடும். நீங்கள் கொடுக்கும் பயிற்சி எல்லோருக்கும் ஒரே மாதிரி நடந்ததா என்பதையும் அதே வீடியோவை வைத்து அவரே குறிக்கலாம். கிராஃபுக்கு எக்செல் போதும்.

குழந்தைகளோடுதான் செய்வேன் என்று உறுதியாக இருந்தால், தயவுசெய்து இலக்கை யோசித்து எடுங்கள். நம் துறையின் முன்னோடிகளில் ஒருவரான மான்ட்ரோஸ் உல்ஃப் 1978லேயே இலக்கு, முறை, விளைவு மூன்றும் சம்பந்தப்பட்டவர்களுக்கு ஏற்புடையதா என்று கேட்கச் சொன்னார். கண்ணைப் பார்க்க வைப்பது, கையை அசைப்பதை நிறுத்துவது போன்ற இலக்குகளை ஆட்டிசம் உள்ள பெரியவர்களே இன்று கடுமையாக எதிர்க்கிறார்கள், எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. வேண்டியதைக் கேட்கக் கற்றுக்கொடுப்பது மாதிரி, அந்தக் குழந்தைக்கே பயன்படுவதை எடுங்கள்.

சரி, சென்னை. இந்த ஆய்வுக்கு வேண்டாம். உங்கள் பல்கலைக்கழக ஐஆர்பியோடு இந்திய நெறிமுறைக் குழு ஒன்றின் ஒப்புதலும் தேவைப்படும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளின்படி ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் சம்மதத்தையும் பதிவு செய்ய வேண்டும். இவ்வளவும் செய்து, விடுமுறையில் கிடைக்கும் மூன்று வாரத்தில் ஒரு பேஸ்லைன்கூட ஒழுங்காக முடியாது. படிப்பு முடிந்து ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள்: 2023 முதல் இந்தியாவில் வசிப்பவர்களிடமிருந்து பிசிபிஏவுக்கான புதிய விண்ணப்பங்களை, அதை வழங்கும் அமெரிக்கச் சான்றிதழ் வாரியம் வாங்குவதில்லை. அமெரிக்காவில் இருக்கும்போதே பிசிபிஏவுக்கு வேண்டிய களப்பணி மணிநேரத்தை முடித்துத் தேர்வு எழுதிவிடுவது நல்லது. கேப்ஸ்டோனுக்குச் செலவிடும் நேரத்தில் எதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும் என்று உங்கள் சூப்பர்வைசரிடம் தொடங்குவதற்கு முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.