கடற்கரைப் பொறியியல் கேட்கும் மகளின் அப்பாவுக்கு

ஐயா, சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள் கடற்கரைப் பொறியியல் பக்கம் போக ஆசைப்படுகிறார், "கடலில் அப்படி என்ன வேலை?" என்று கேட்டிருந்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு மெரினாவுக்கும், அங்கிருந்து காசிமேட்டுக்கும் போய் வாருங்கள்.

நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கியதும் அந்த மணல் தெற்கே தேங்கியது. நாம் காற்று வாங்கும் மெரினா இத்தனை அகலமானது அப்படித்தான். வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் மணல் வரத்து நின்று, கரை அரித்துக்கொண்டே போனது. கல் கொட்டினார்கள், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவு போட்டார்கள். ஒரு குப்பத்துக்குத் தூண்டில் வளைவு போட்டால், அதற்கு வடக்கே இருக்கிற குப்பத்துக்கு மணல் குறையும். எங்கே போடுவது, எவ்வளவு நீளம், எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போடுபவர்தான் கடற்கரைப் பொறியாளர். அந்தக் கணக்கில் சில நூறு குடும்பங்களின் வீடு இருக்கிறது. அதனால்தான் இந்தத் துறைக்கு அக்கறையுள்ள பிள்ளைகள் வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

புதுச்சேரியிலும் துறைமுகச் சுவருக்குப் பிறகு மணற்கரை காணாமல் போனது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறியாளர்கள் கடலடியில் எஃகுத் திட்டு ஒன்றை இறக்கி, மணலும் கொட்டி, ஒரு பகுதியை மீட்டார்கள்.

படகில் போய் ஆழம் அளப்பது, மணல் மாதிரி எடுப்பது எல்லாம் உண்டு. ஆனால் அதிக நேரம் கணினி முன்னால்தான் போகும். பெண்பிள்ளைக்கு ஒத்துவருமா என்று தயங்க வேண்டாம்.

சரி, படிப்பு. பி.இ. சிவிலே போதுமான அடித்தளம். எம்.டெக். இல்லாமல் வடிவமைப்பு வேலைக்குள் நுழைவது சிரமம், அதனால் கேட் தேர்வுக்கு இப்போதே தயாராகட்டும். சென்னை ஐ.ஐ.டி.யிலும் சூரத்கல் என்.ஐ.டி.யிலும் இதற்கான துறைகள் உள்ளன. புனேயில் 1916 முதல் இயங்கும் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில் துறைமுகங்களையும் ஆறுகளையும் சிறிய அளவில் கட்டி, தண்ணீர் விட்டுச் சோதிக்கிறார்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் வரிசையாக வரும் வேலை இல்லை இது. முதல் வேலைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அதை மறைக்க மாட்டேன்.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், அதாவது நீரோட்டம் பற்றிய பாடத்தில், மதிப்பெண் எப்படி என்று பாருங்கள். அது பிடிக்காவிட்டால் இந்தப் பக்கம் வேண்டாம். பிடித்திருந்தால், இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குக் கூவம் முகத்துவாரத்தை எடுக்கச் சொல்லுங்கள். வாய் எந்த மாதம் மணலால் அடைபடுகிறது, எப்போது திறக்கிறது என்று முதலில் அங்குள்ள மீனவர்களிடம் கேட்டு எழுதட்டும். அப்புறம் கணினியில் மாடல் போடட்டும்.