அவர் எப்படிக் கேட்பார்?

அன்புள்ள ஐயாவுக்கு,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். மதுரையில் சனி, ஞாயிறு நடக்கும் நடிப்புப் பயிற்சி வகுப்புக்குப் போய்வருகிறேன். இப்போது ஒரு நாடகத்துக்கு ஒத்திகை நடக்கிறது. செல்லூரைச் சேர்ந்த வயதான நெசவாளியாக நடிக்கிறேன். தறியைத் தரகரிடம் விற்கும் காட்சியில் அழ வேண்டும். செத்துப்போன என் பாட்டியை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார் ஆசிரியர். முதலில் அழுகை வந்தது, இப்போது வருவதில்லை. பாத்திரத்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதச் சொன்னார். அந்த மூன்று பக்கத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பாத்திரத்தை உள்ளேயிருந்து உருவாக்குவதா, வெளியேயிருந்தா? நடிகனுக்கு உடற்பயிற்சி கட்டாயமா? சென்னைக்குப் போனால்தான் கற்க முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சமீபத்தில் இளைஞர்கள் போட்ட ஒரு நாடகம் பார்த்தேன். மேடையில் நான்கு பேர். நான்கு பேரும் உண்மையாகவே அழுதார்கள். ஆனால் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. அது மனதை அரித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

உடற்பயிற்சி செய்யுங்கள், நல்லதுதான். சென்னை எங்கேயும் ஓடிப்போகாது.

பாட்டியை விட்டுவிடுங்கள். அழுகை நின்றுபோனதில் உங்கள் குறை எதுவும் இல்லை. கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் துக்கம் வராது. நீங்கள் அவர்மேல் வைத்திருந்த பாசம் குறைந்துவிட்டதோ என்று பயப்படவும் வேண்டாம். அழுகை வந்தாலும் பயனில்லை என்பதுதான் என் கட்சி. தரகர் எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பாட்டியின் கட்டிலருகே இருக்கிறீர்கள். அப்படியானால் மேடையில் இருப்பது யார்?

இந்த வழிக்கு, நடிப்புப் பயிற்சிக்கு முறை வகுத்த ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அவரோ 1938இல் இறப்பதற்கு முந்தைய வருடங்களில், உணர்ச்சியைத் துரத்தாமல் பாத்திரம் செய்யும் செயலைச் சரியாகச் செய்தால் உணர்ச்சி தானாகப் பின்னால் வரும் என்ற இடத்துக்கு வந்துவிட்டார். ஒரே பயிற்சியாக அவர் நினைத்தது ஆங்கிலத்தில் இரண்டு புத்தகமாகப் பிரிந்து வந்தது. மனப்பயிற்சி பற்றிய பாகம் 1936இல், உடல், குரல், பாத்திர உருவாக்கம் பற்றியது 1949இல். நடுவில் 13 வருடம் முதல் பாகமே முழுப் பாடமாக நின்றது. உள்ளேயா வெளியேயா என்ற சண்டைக்கு அதிலும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் மூன்று பக்கத்துக்கு வருகிறேன். நெசவாளிக்கு எந்த வயதில் கல்யாணம் ஆனது, எந்தக் கடையில் டீ குடிப்பார், எல்லாம் இருக்கிறது. தரகரைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். ஒரு மனுஷர் எதிரே வந்து நின்று உங்கள் தறிக்கு விலை பேசுகிறார். அவராக நடிப்பவர் யார், குரல் எப்படி, எந்தச் சொல்லுக்கு முன்னால் தயங்குவார் என்று ஒன்றுமே கவனிக்கவில்லையா நீங்கள்? அவர் வாயை மூடினால் உங்கள் முறை வருகிறது, அதற்கு மட்டும்தான் அவரா?

இதைக் கற்க மதுரையைவிட நல்ல ஊர் எது? 1918இல் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் இங்கேதான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் கம்பெனியைத் தொடங்கிச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். கம்பெனிப் பையன்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக ஒத்திகை பார்த்தவர்கள். ஸ்பெஷல் நாடகத்தில் அந்த வசதியும் கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். ஒத்திகை இல்லாமல் மேடையேறி விடிய விடிய நடிக்க வேண்டும். கதையும் பாட்டும் எல்லாருக்கும் தெரியும். பாத்திரங்கள் ஒருவரை ஒருவர் மடக்கிப் பேசும் தர்க்கம் மட்டும் அந்தந்த ராத்திரியில் பிறப்பது.

மேலூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் வள்ளி திருமணம் பார்த்தேன். நாரதராக வந்தவர் வாய்ச்சாலக்காரர். கல்யாணப் பேச்சில் வள்ளியை மடக்குவதுபோல ஒரு கேள்வி போட்டார், கூட்டம் கைதட்டியது. வள்ளியாக நின்ற அம்மா உடனே வாய் திறக்கவில்லை. கையிலிருந்த கவண் கயிற்றை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். ஆர்மோனியக்காரர் ஒரே கட்டையில் விரலை அழுத்தி வைத்துக் காத்திருந்தார். நாரதரின் முகத்தையே பார்த்தபடி நின்ற அந்த அம்மா, அவர் கடைசியாகச் சொன்ன சொல்லையே எடுத்து அதிலிருந்து பதிலைத் தொடங்கினார். அப்புறம் நாரதரால் தன் வழக்கமான பாடத்தை ஒப்பிக்க முடியவில்லை. இறங்கிவந்து அவளோடு பேச வேண்டியதாயிற்று. அவசரப்படாத, எளிதில் மசியாத ஒரு மலைக்காட்டுப் பெண்ணை அந்தக் கொஞ்ச நேர மௌனத்தில் நான் முழுசாகப் பார்த்துவிட்டேன். அவள் கேட்ட விதத்திலேயே அவள் யார் என்பது இருந்தது.

உங்கள் ஆள் எப்படிக் கேட்பார்? அவர் ஓட்டியது கையால் நெய்யும் பள்ளத்தறியா, மின்சாரத்தில் ஓடும் விசைத்தறியா என்பதுகூட மூன்று பக்கத்தில் எங்கும் இல்லை. பள்ளத்தறிக்காரருக்குக் கால் குழிக்குள், மிதிமேல் இருக்கும். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும் சத்தம் அவர் கையால் வருவது. யாராவது பேச வந்தால் கையை நிறுத்தினால் போதும், சத்தம் அடங்கிவிடும். விசைத்தறிக்கூடத்தில் 30 வருடம் நின்றவர் கதை வேறு. பேசுகிறவரின் வாயைப் பார்ப்பார். காதைக் கிட்டே கொண்டுபோவார். அமைதியான வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். தரகர் விலையைத் தாழ்ந்த குரலில் சொன்னால் பாதி காதில் விழாது. தன் தறிக்குச் சொன்ன விலையை அவர் இரண்டாம் முறை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இடத்தைச் சரியாகச் செய்தால் உங்களுக்கு அழுகை வராவிட்டாலும் பார்க்கிறவர்களுக்கு வரும். செல்லூருக்குப் போய்ப் பாருங்கள். கண்ணை மட்டும் கொண்டுபோகாமல் காதையும் கொண்டுபோங்கள்.

அடுத்த ஒத்திகையில் தரகராக நடிக்கும் நண்பரிடம் ஒவ்வொரு தடவையும் விலையை மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். என்ன தொகை என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரியக்கூடாது. அது காதில் விழுந்த பிறகுதான் உங்கள் வசனத்தைத் தொடங்க வேண்டும். ஆசிரியர் சம்மதிக்காவிட்டால் வகுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் தனியாகச் செய்து பாருங்கள். தரகரும் கடன்காரராக இருக்கலாம், வீட்டில் அவருக்கும் ஆயிரம் தொல்லை இருக்கலாம். அதைப் பற்றி நண்பர் என்ன யோசித்து வைத்திருக்கிறார் என்றும் கேளுங்கள்.

நாடகம் என்றைக்கு, எந்த இடத்தில் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள், வருகிறேன்.