டாக்டரிடம் கேளுங்கள்: முடக்குவாதமும் சர்க்கரையும்

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. ருமட்டாய்டு முடக்குவாதத்துக்காகக் காலையில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 10 மி.கி. சாப்பிடுகிறார். வெறும் வயிற்றில் சர்க்கரை 98தான். ஆனால் சாயங்காலமானால் தாகம், அடிக்கடி சிறுநீர். ஏன்? – வாசகி, திண்டுக்கல்

பதில்: பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை, அவ்வளவுதான். காலையில் போடும் ஸ்டீராய்டு மதியத்திலிருந்து இரவு வரை சர்க்கரையை ஏற்றும். விடிவதற்குள் அந்த வேகம் அடங்கிவிடும். அதனால் வெறும் வயிற்றுச் சோதனை இவர்களை ஏமாற்றும். மதியம் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். இந்த அறிகுறிகளோடு 200-ஐத் தொட்டால் அது சர்க்கரை நோய்தான்.

மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி-யையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் கூடுதலாகக் காட்டும். சல்ஃபாசலசின் என்ற முடக்குவாத மருந்து சாப்பிடும் சிலருக்குச் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைவதால் குறைத்துக் காட்டும். கூடவே ஹீமோகுளோபினும் பார்ப்பது நல்லது.

பயந்துபோய் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டவருக்கு, உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி சோம்பிப் போயிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற அடிப்படை முடக்குவாத மருந்தின் அளவைச் சரிசெய்து, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைப்பது மருத்துவர் வேலை. உங்கள் வேலை, மதியச் சோற்றைக் குறைத்துக் காய், பருப்பைக் கூட்டுவது. நாலு மணி டீயில் சர்க்கரையையும் கூட வரும் பிஸ்கட்டையும் நிறுத்துவது. சர்க்கரைக்கு க்ளைமெபிரைடு எழுதினால், முடக்குவாதத்துக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சாப்பிடுகிறாரா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அதுவும் சர்க்கரையை இறக்கும். இரண்டும் சேர்ந்தால் விடிகாலையில் தாழ்சர்க்கரை வரலாம்.

கேள்வி: முடக்குவாதத்துக்கு டோஃபாசிட்டினிப் மாத்திரை ஆரம்பித்த பிறகு மூட்டு வீக்கம் போய்விட்டது. ஆனால் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 96-லிருந்து 128 ஆகிவிட்டது. மாத்திரையை விட்டுவிடலாமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: நீங்களாக விடாதீர்கள். அழற்சி கொழுந்துவிட்டு எரியும்போது கொழுப்பு அளவு செயற்கையாகத் தாழ்ந்திருக்கும். அந்த 96 நல்ல செய்தி அல்ல. அழற்சி அடங்கினால் உண்மை அளவு வெளிவரும். இந்த மருந்தும் கொஞ்சம் ஏற்றும். நோய் நிதானமானபின் எடுக்கும் கணக்குதான் கணக்கு. ஐரோப்பிய வாதநோய் வல்லுநர்களின் பரிந்துரைப்படி, வழக்கமான இதய ஆபத்துக் கணக்கின் விடையை 1.5 ஆல் பெருக்கிப் பார்த்து கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை தேவையா என்று முடிவு செய்வார்கள். புகைப்பவரோ 65 வயதைத் தாண்டியவரோ என்றால் இந்த மருந்தே பொருத்தமா என்றும் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு முடக்குவாதம். எடை 56 கிலோவிலேயே நிற்கிறது, வயிறு மட்டும் பெருத்துவிட்டது. – வாசகி, கோவை

பதில்: தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்தால் தராசுக்குத் தெரியாது. இடுப்புச் சுற்றளவை இன்ச் டேப்பால் அளந்து பாருங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. மூட்டு வீக்கம் அடங்கிய நாட்களில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 10 முறை எழுந்து உட்காருங்கள், ஓய்வெடுத்து இன்னொரு சுற்று. சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் தினமும் முட்டை, சுண்டல், மீன் என்று ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும்.