வெள்ளைப் பூ வந்த பிறகும் மனம் கேட்கவில்லை

அன்புள்ள அம்மா,

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் வாழ்கிறேன். என் அண்ணன் மகளுக்கு 16 வயது நடக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறாள். ஓசூரில் வேலை பார்க்கும் தாய்மாமனுக்கு, அதாவது என் அண்ணியின் தம்பிக்கு, வைகாசியில் அவளைக் கட்டிக்கொடுக்கப் போகிறார்கள். பஸ்ஸில் ஒரு பையனோடு பேசினாள் என்று யாரோ சொன்னதுதான் தொடக்கம்.

போன மாதம் குலதெய்வக் கோயிலில் பூ கேட்டார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். எடுத்துக் கொடுத்தது என் 6 வயது மகன். பிரித்தால் வெள்ளை, அதாவது சாமி சம்மதம். பிறகு அண்ணன் கற்பூரம் ஏற்றி, தாலி ஏறும்வரை வெளியில் மூச்சு விடக்கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார். நானும் செய்தேன்.

சென்ற ஞாயிறு அவளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தேன். “அத்தை, டி.சி. வாங்கிவிட்டால் மறுபடியும் அதே பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களா?” என்று கேட்டாள். சீப்பு அப்படியே நின்றுவிட்டது. எனக்கும் 15 வயதில்தான் கல்யாணம் நடந்தது.

சொன்னால் சத்தியத்தை மீறிய பாவம். அம்மன் என் பையன்மேல் கோபத்தைக் காட்டிவிட்டால்? சொல்லாவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? சாமி உத்தரவு கொடுத்த பிறகும் மனம் கேட்காமல் இருப்பது தெய்வக் குற்றமா?

ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்


அன்புச் சகோதரிக்கு,

நானும் உங்கள் பக்கத்துக் கிருஷ்ணகிரி மண்ணில் பிறந்தவள். எங்கள் வீட்டில் கிணறு வெட்டியதுகூடப் பூ கேட்டுத்தான். அதனால் மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் உங்களைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்த வழக்கத்துக்குள் நின்றே பேசுகிறேன்.

பெரியவர்கள் எதற்குப் பூ கேட்பார்கள்? இரண்டு வழியும் நல்லதாக இருந்து, எது என்று தெரியாதபோது. பக்கத்து வயல்காரன் வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொள்ளலாமா என்று யாரும் அம்மனிடம் கேட்பதில்லை. கேட்டு வெள்ளையே வந்தாலும் வரப்பு அவனுடையதுதான். உங்கள் வீட்டில் என்ன கேட்டிருப்பார்கள்? இந்தச் சம்பந்தம் நல்லதா என்றுதானே? இவள் படிக்கட்டுமா என்று ஒரு பொட்டலம் கட்டப்படவில்லை. அந்தப் பெண்ணிடமும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்காத கேள்விக்கு அம்மன் பதில் சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியாது. உங்கள் மகன் எடுத்தது ஒரு பூப்பொட்டலம். அந்தக் கல்யாணத்தை அவன் தலையில் ஏற்றாதீர்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பயம் பேசும் இடத்தில் உங்கள் மகன் வருகிறான், அண்ணன் வருகிறார், பாவம் வருகிறது. தவிப்பு பேசும் இடத்தில் அவள் மட்டும் வருகிறாள், எண்ணெய் வைத்த தலையோடு. மனத்துக்குள் எழுவது பக்தியா பயமா என்று தெரியாதபோது, அது யாரைக் காக்கச் சொல்கிறது என்று பார்ப்பேன். உங்கள் தவிப்பு தெய்வக் குற்றம் அல்ல. அம்மன் உங்களிடம் பேசியிருந்தால், அந்தச் சீப்பு நின்ற இடத்தில்தான் பேசியிருப்பாள் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் கல்யாணத்தைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அன்று உங்களுக்காக யாரும் வாய் திறக்கவில்லை போலும். அந்த வலி இன்று பேசச் சொல்வதில் தவறே இல்லை. அண்ணன்மேல் பழைய கோபமாக அது வெடித்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பயந்துபோன தகப்பன்.

சத்தியத்தை மீறினால் நம் வழக்கத்திலேயே வழி இருக்கிறது. மஞ்சள் துணியில் காசு முடிந்து அபராதக் காணிக்கை செலுத்தி, தாயே பொறுத்துக்கொள் என்று விழுந்து கும்பிடலாம். அந்தப் பெண் இழக்கும் வருடங்களுக்கு எந்த உண்டியலில் காசு போடுவது?

முதலில் அவளிடம் தனியாகக் கேளுங்கள். பிறகு அண்ணனையும் அண்ணியையும் உட்காரவைத்துப் பேசுங்கள். 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 18 வயது நிரம்பாத பெண்ணை மணக்கும் ஆணுக்கும், நடத்திவைப்பவர்களுக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அவளோடு குடும்பம் நடத்தினால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி வழக்கும் சேரும். தன் தம்பியையே சிறைக்கு அனுப்பும் கல்யாணம் இது என்று அண்ணிக்குப் புரியவேண்டும். அரசுப் பள்ளியில் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதையும் அண்ணனிடம் சொல்லுங்கள்.

அவர்கள் இறங்கி வராவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். இரவும் பகலும் இலவசம். உங்கள் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. முகூர்த்தத்துக்கு முன்பே அழைப்பதுதான் உங்கள் அண்ணனுக்கும் நல்லது. கல்யாணம் இப்போது நின்றால் அதிகாரிகள் அறிவுரை சொல்லி எழுதி வாங்குவதோடு முடிய வழி இருக்கிறது. தாலி ஏறிவிட்டால் வழக்கு.

அழைத்த பிறகு வீட்டில் சந்தேகம் முதலில் அவள்மேல்தான் விழும். அடி வாங்கவும் கூடும். அதனால் அந்த நாட்களில் அவளோடு இருங்கள், முடிந்தால் உங்கள் வீட்டுக்கு அழைத்துவந்துவிடுங்கள். அவள் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. தலை வாரும்போதே சொல்லுங்கள்: டி.சி. வாங்கினாலும் மறுபடியும் படிக்கலாம், ஆனால் நீ வாங்கவே வேண்டாம் என்று.