டெங்கி வைரஸ் போடும் வேஷம்

கேள்வி: எங்கள் புளோக்கின் கீழே டெங்கி சிவப்புப் பதாகை கட்டியிருக்கிறார்கள். இந்தக் கிருமி தன் ஆர்என்ஏவில் (மரபுச் செய்தியைத் தாங்கும் மூலக்கூறு) ஏதோ வேதி மாற்றம் செய்து உடலை ஏமாற்றுகிறது என்கிறாள் மகள். நிஜமா?
- வாசகி, அங் மோ கியோ

பதில்: நிஜம்தான், மகள் சரியாகச் சொல்லியிருக்கிறாள். நம் செல்லில் புரதம் செய்யச் சொல்லும் ஆர்என்ஏ ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு தொப்பி இருக்கும், அதன் பக்கத்தில் மெத்தில் என்ற சின்ன வேதிக்குழு ஒட்டியிருக்கும். அது இல்லாத ஆர்என்ஏ வந்தால் 'இது நம்ம ஆள் இல்லை' என்று நம் காவல் புரதங்கள் பிடித்து அதன் வேலையை நிறுத்திவிடும். டெங்கி வைரஸ் என்ன செய்கிறதென்றால், என்எஸ்5 என்ற தன் சொந்தப் புரதத்தை வைத்தே அந்த மெத்திலை ஒட்டிக்கொண்டு உள்ளூர்க்காரன் மாதிரி நடமாடுகிறது. கோவிட் கிருமியிடமும் இதே வித்தை உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், இங்கே சிங்கப்பூரில் நடந்த ஆராய்ச்சிதான். என்எஸ்5இன் மெத்தில் ஒட்டும் திறனை மட்டும் முடக்கிய டெங்கி வைரஸை உருவாக்கி, அது எலியிலும் குரங்கிலும் வலுவிழந்துபோவதையும், ஆனால் நல்ல எதிர்ப்புச் சக்தியைத் தருவதையும் 2013இல் காட்டினார்கள். தடுப்பூசிக்கு அழகான வழி!

அப்புறம், கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசியிலும் ஆர்என்ஏவின் ஓர் 'எழுத்தை', அதாவது அதைக் கட்டும் வேதித் துண்டுகளில் ஒரு வகையை, வேதியியலால் மாற்றித்தான் உடலின் பதற்றத்தைக் குறைத்தார்கள். அதற்கு அடித்தளம் போட்ட கேட்டலின் கரிக்கோவுக்கும் ட்ரூ வைஸ்மனுக்கும் 2023இல் நோபல் பரிசு கிடைத்தது.