பெரிய எஸ்எஸ்டிக்கு மாற்றிய பிறகும் சி டிரைவ் ஏன் பழைய அளவையே காட்டுகிறது?

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டி வைத்திருக்கிறேன். பில் போடும் கணினியில் இருந்த 120 ஜிபி எஸ்எஸ்டியை 500 ஜிபிக்கு குளோன் செய்தேன். சி டிரைவ் இன்னும் 111 ஜிபிதான் காட்டுகிறது. புது டிஸ்க் போலியா?

போலி இல்லை, பயப்படாதீர்கள். குளோன் என்பது பழைய டிஸ்க்கின் பாகப்பிரிவினையை அப்படியே பெயர்த்து வைப்பது. மிச்ச இடம் யாருக்கும் ஒதுக்கப்படாமல் கிடக்கிறது.

விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். சி-க்கு வலப்பக்கம் சில நூறு எம்பியில் ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸைப் பழுதுபார்க்க ஒதுக்கிய பகுதி) இருக்கும். அதற்கும் அப்பால் கறுப்புப் பட்டையோடு காலி இடம். சி-யை ஒட்டியே காலி இடம் இருந்தால்தான் விண்டோஸ் அதை நீட்டும். நடுவில் ரெக்கவரி குறுக்கே நிற்பதால் சி-யை நீட்டும் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ கட்டளை மங்கலாகத் தெரிகிறது.

ரெக்கவரியை அழித்துவிடு என்று பலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். விண்டோஸ் கிளம்பாத நாளில் கைகொடுப்பது அதுதான். பார்ட்டிஷன்களை நகர்த்தும் மென்பொருளான ஜிபார்ட்டட்டை பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து கணினியைக் கிளப்பி, ரெக்கவரியைக் கடைசிக்கு நகர்த்துங்கள். அப்புறம் விண்டோஸுக்குள் வந்து சி-யை நீட்டலாம். 500 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 465 என்றுதான் காட்டும், அது சரியான கணக்கே.

நகர்த்தும்போது கரண்ட் போனால் பார்ட்டிஷன் கெட்டுவிடும், யுபிஎஸ் கட்டாயம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். பழைய எஸ்எஸ்டியைக் கழற்றித் தனியே வையுங்கள். இந்த சீசன் கணக்கு முடியும்வரை அதை ஃபார்மட் செய்ய வேண்டாம்.